எட்டுச் செலவுக்கு ஒரு போத்தல் வைன்

என் சிநேகிதி செத்து நாலைந்து நாளாகியிருந்தது. எட்டுச் செலவுக்கு என்ன படைப்பதென்று அவளுடைய மச்சாள் குசினி வாசலில் நின்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். செத்தவருக்கு விருப்பமானதை எட்டாம் நாள் காய்ச்சி, படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆம்பிளை செத்தால் யோசிக்க வேண்டியதில்லை. ஒரு போத்தல் சாராயம், ஒரு சுருட்டு, ஆட்டிறைச்சி. குடியாலேயே செத்தவனுக்கும் குடிதான் படைப்பார்கள், அதுவும் ஒருவருக்கும் சிரிப்பு வராமல். பொம்பிளை செத்தால் மட்டும் அவளுக்கு என்ன விருப்பம் என்று ஒருவருக்கும் தெரிவதில்லை.

"கத்தரிக்காய்ப் பால்கறி வையுங்கோ. ரெண்டு நண்டு காய்ச்சுவம். ஒரு ஒறேஞ் சோடாவும் வைப்பம். பாவம், நல்ல விருப்பமாக் குடிப்பா" என்றாள் மச்சாள்.

என் சிநேகிதி ஒறேஞ் சோடாவைத் தொட்டதே இல்லை. சாயம் கரைத்த தண்ணீர் என்பாள். கலியாண வீடுகளில் கையில் திணித்தால் வாங்கிக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு வருவாள். இருபது வருடத்துக்கு மேல் ஒரே வளவில் இருந்த மச்சாளுக்கு இது தெரியவில்லை. இந்தச் சனத்துக்கு என்னதான் தெரியும்?

அவளுடைய இலைக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் சிவப்பு வைன் இருக்க வேண்டும். எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான். எட்டோடு மீன், இறைச்சி என்று மச்சம் படைப்பது முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தியேட்டி, திவசம், எல்லாம் சைவம். அவளுக்குப் பிடித்ததை ஒரே ஒரு தரம்தான் வைக்கலாம். அந்த ஒரு தரத்திலும் சாயத் தண்ணீரை வைத்துப் பிழை விடப் போகிறார்கள்.

வேலணையில் இரண்டு பொம்பிளைகளுக்கு வைன் எப்படிப் பழகியது என்று கேட்பீர்கள். பிழை என் அண்ணையுடையது. எங்கள் தீவுச் சனத்தில் பாதி பாரிஸ் குசினிகளில் நிற்கிறது, அண்ணையும் அதில் ஒருவர். கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு அந்த ரெஸ்ரோரண்டின் பெரிய சமையற்காரராகி, பகல் முழுக்க வெள்ளைக்காரனுக்கு வெண்ணெயில் மீன் வாட்டிக் கொடுப்பவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சோற்றைக் குழைத்து, விஸ்கிக்குள் கோலாவை ஊற்றிக் குடிப்பார். வைனைப் பற்றிக் கேட்டால், "அது வெள்ளையன்ர புளிச்ச தண்ணி" என்பார். தன் கையால் சமைத்த சாப்பாட்டை ஒரு நாளாவது மேசையில் இருந்து சாப்பிட்டுப் பார்க்காத மனிதர். அவரைப் போல ஆயிரம் பேர் அங்கே இருக்கிறார்கள். தேன் குடத்துக்குள் கையை விட்டு, கையைக் கழுவிவிட்டு வருகிறவர்கள்.

நான் அவரிடம் போயிருந்தபோது ஒரு நாள் மத்தியானம் அவருடைய முதலாளி என்னை மேசையில் இருத்தி, மெதுவாக வெந்த ஆட்டிறைச்சியும் ஒரு கிளாஸ் வைனும் வைத்தார். நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தாளராக இருந்தவள். போத்தலை மூக்கில் பிடித்து மணந்தே உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லுவேன். அந்தக் கிளாஸை மணந்தேன். என்னவென்று சொல்ல முடியவில்லை. ஒரு வாய் குடித்தேன், இறைச்சி தின்றேன், இன்னொரு வாய் குடித்தேன். இரண்டாவது வாய் வேறு ருசி. இறைச்சியும் வேறு ருசி. எனக்கு அழுகை வரப் பார்த்தது. அண்ணை குசினிக் கண்ணாடியால் எட்டிப் பார்த்து, வெறி ஏறிவிட்டதோ என்று சைகையில் கேட்டார். மடையன்.

ஊருக்கு வந்து இதைச் சொல்ல எனக்கு ஒருத்திதான் இருந்தாள். என்னைவிடச் சில வயது இளையவள். பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் படிப்பித்தாள். மேசை அடுக்கும் முறை என்று ஒரு பாடம் இருக்கிறது. முள்ளுக்கரண்டி இடப்பக்கம், கத்தி வலப்பக்கம், கிளாஸ் எங்கே என்று கரும்பலகையில் படம் கீறுவாள். கேட்கிற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பேணியில் தண்ணீர் குடிக்கிறவர்கள். அவளும் அப்படித்தான். நான் கதை சொல்லி முடித்ததும் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அக்கா, அந்தக் கிளாஸுக்கு ஏன் கால் நீளம்? நான் இவ்வளவு வருசமாக் கீறுறன், ஒருத்தரும் கேக்கேல்லை, எனக்கும் தெரியாது."

கை சூடு படாமல் இருக்க என்றேன். அப்படி ஒரு கிளாஸில் குடித்துப் பார்க்க அன்றைக்கே யாழ்ப்பாணம் போகவேண்டும் என்று நின்றாள்.

யாழ்ப்பாணத்து ரெஸ்ரோரண்டுகளைப் பற்றி நான் நல்லதாகச் சொல்ல ஆசைதான். அவை விடமாட்டா. குளிரூட்டி போட்ட அறை, பிளாஸ்டிக் பூ, வெய்யிலில் கழுத்துப் பட்டி கட்டி வேர்த்து நிற்கும் பொடியன். உணவு அட்டையைப் பிரித்தால் சீனா, இத்தாலி, வட இந்தியா எல்லாம் இருக்கும். எதைக் கேட்டாலும் ஒரே சிவப்புக் குழம்பில் வரும். கரட்டில் ரோசாப்பூ வெட்டி வைப்பார்கள், அதைத்தான் எல்லாரும் படம் எடுப்பார்கள். நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற சனம் இவற்றை நிரப்பும். கொடியேறியதும் பயபக்தியாக மரக்கறி. தீர்த்தம் முடிந்து குறிகாட்டுவான் துறையில் படகால் இறங்கினால் அதே காலோடு கொத்து ரொட்டிக்கும் பியருக்கும் ஓட்டம். அம்மனை இவர்கள் பள்ளிக்கூட அதிபர் என்று நினைக்கிறார்கள் போல. மணி அடித்தால் விடுதலை.

தேடித் தேடி நாங்கள் கடைசியில் ஒரு இடத்தைப் பிடித்தோம். பழைய வீடு ஒன்றை ரெஸ்ரோரண்ட் ஆக்கியிருந்தார்கள். மேசைகள் கொஞ்சம்தான். கணவாயைக் கரியில் வாட்டித் தேசிக்காய் பிழிந்து தந்தார்கள், பல்லுக்கு மெத்தென்று இருந்தது. மிளகு நண்டுக்குப் பால்மா கலக்காமல் தேங்காய்ப்பாலே விட்டிருந்தார்கள். இதுதான் இடம் என்று அவள் என் கையைப் பிடித்தாள். நான் பொடியனைக் கூப்பிட்டுச் சிவப்பு வைன் கேட்டேன்.

"இஞ்சை அதெல்லாம் குடுக்கிறேல்லை மடம்" என்றான். அவன் எங்கள் இருவரையும் பார்த்த பார்வையில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நண்டு தின்ன வந்த, ரீச்சர்மார் போல இருக்கிற இரண்டு பொம்பிளைகள் சாராயம் கேட்கிறார்களாம். முகாமையாளரைக் கூப்பிட்டு, ஆங்கிலத்தில், ஒரு நல்ல சாப்பாட்டுக்கு மரியாதை என்றால் என்னவென்று பாடம் எடுத்தேன். அவர் தலையை ஆட்டினார், ஒன்றும் தரவில்லை. கடையில் போய் நாங்களே வாங்கவும் வழியில்லை. பொம்பிளைக்கு விற்கக்கூடாதென்று சட்டமாம். ஆம்பிளைகள் வாசலிலேயே விழுந்து கிடக்கச் சட்டம் இல்லை.

அடுத்த மாதம் திரும்பப் போனோம். இருந்து கொஞ்ச நேரத்தில் அதே பொடியன் ஒரு துவாயில் சுற்றி ஒரு போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். தென்னாபிரிக்கா வைன். கிளாஸ் இல்லை, ஐஸ்கிறீம் கிண்ணம்தான் இருந்தது. அதைப் பற்றியும் ஆங்கிலத்தில் சொன்னேன், அதற்கடுத்த முறை கால் நீண்ட கிளாஸ் வந்தது. பில்லில் வைனைப் போடவே மாட்டார்கள். கள்ளமாக விற்கிறபடியால் நண்டின் விலையில் ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். எப்படியோ, வடமாகாணத்தில் ஒரு ரெஸ்ரோரண்டை என் வாயால் திருத்தினேன் என்ற பெருமை எனக்கு ஆறேழு வருடம் இருந்தது.

அவளுடைய நாக்கு என்னுடையதை விட நல்ல நாக்கு. போத்தலின் பின்பக்கத்தில் செர்ரி, பிளம் என்று எழுதியிருக்கும், நாங்கள் கண்டோமா? அவள் முதல் வாயை வைத்திருந்து விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "நாவற்பழம் திண்டிட்டுச் செப்புக் குடத்தில தண்ணி குடிச்ச மாதிரி இருக்கு, அக்கா." அதைவிடச் சரியாக ஒருவரும் சொல்ல முடியாது. பாரிஸ் முதலாளிக்கும் ஏலாது. எங்கள் ஊரில் வைனை வாயில் வைத்தவர்கள் கயர்க்குது, துவர்க்குது என்று துப்புவார்கள். இளம் பாக்கையும் வாழைப்பொத்தியையும் தின்று வளர்ந்த நாக்குக்குக் கயர் ஆகாதாம். அவளுக்குக் கயர்தான் விருப்பம். மிச்சத்தை முந்திரிகை ரசப் போத்தலில் ஊற்றி என் பையில் வைத்துக் கொண்டுவருவோம். கன்னியாஸ்திரிமார் திராட்சைப் பழத்தில் செய்து விற்கிற அந்த இனிப்பு ரசம் எல்லார் வீட்டிலும் இருப்பது, நிறமும் ஒன்று. அடுத்த நாள் பின்னேரம் என் வீட்டில் இருந்து அதை முடிப்போம்.

இனி அவளுடைய கணவர். எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறவர் அவர்தான். தோட்டக்காரர், வெங்காயமும் புகையிலையும். நெற்றி நிறையத் திருநீறு. வாழ்க்கையில் ஒரு துளி குடிக்காதவர் என்று பேர். எல்லாவற்றுக்கும் தக்காளி சோஸ் ஊற்றிச் சாப்பிடுவார். புட்டுக்குச் சோஸ், கத்தரிக்காய்ப் பால்கறிக்குச் சோஸ். அப்படி ஒரு நாக்கோடு அப்படி ஒருத்தி எப்படிக் குடும்பம் நடத்தினாள் என்று நான் எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். எங்களை வாசலில் இறக்கி, மேசை பிடித்துத் தருகிறேன் என்று முதலில் தான் உள்ளே போய்வருவார். பிறகு காருக்குள் இருந்து பேப்பரில் சுற்றின ரோல்ஸ் தின்பார். 

"உள்ளுக்கு வாருமன், தம்பி" என்று ஒரு தரம் கூப்பிட்டேன். 

"எனக்கு ஏசி ஒத்துவராது, அக்கா" என்றார். வரவும் வேண்டாம் என்றுதான் எனக்கு இருந்தது. மிளகு நண்டுக்குச் சோஸ் கேட்டால் நான் எங்கே முகத்தை வைப்பேன்?

பிறகு ஒரு கதை வந்தது. அவரை யாழ்ப்பாணத்தில் சாராயக்கடை வாசலில், குடிகாரரோடு குடிகாரராக வரிசையில் நிற்கக் கண்டவர்கள் வந்து சொன்னார்கள். ஒரு தரம் இல்லை, மாதத்துக்கு மாதம். வேலணை முழுக்க அந்தக் கதைதான். கோயில் சபையில் அவரை மெல்ல விலத்தி வைத்தார்கள். அவருடைய அக்கா, அதுதான் அந்த மச்சாள், தம்பியோடு பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு ஆச்சரியம் வரவில்லை. திருநீற்றுக்குள் இப்படித்தான் ஏதாவது இருக்கும். நாங்கள் ஒரு கிளாஸை மேசையில் வைத்து மரியாதையாகக் குடிக்கிறோம், இந்த மனுசன் காருக்குள் ஒளித்துக் குடிக்கிறது என்று நினைத்து எனக்கு ஒரு திருப்திகூட வந்தது. அவளிடம் சொல்லவில்லை. அவளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

போன வருடம் அவளுக்கு வருத்தம் வந்தது. மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் யாழ்ப்பாணத்துக்குமாக அலைந்தார்கள். மருந்து அவளுடைய நாக்கைத்தான் முதலில் தின்றது. கடைசியாக ஒரு நாள் ரசப் போத்தலில் வைன் கொஞ்சம் கொண்டுபோய் வாயில் நனைத்துவிட்டேன். கனநேரம் வைத்திருந்தாள்.

"நாவற்பழம் இல்லை, அக்கா. குடம் மட்டும்தான் இருக்கு" என்றாள்.

நான் வெளியே வந்து கிணற்றடியில் நின்று அழுதேன். இதைவிடக் கேடுகெட்ட களவு ஒன்றை நான் கண்டதில்லை.

எட்டுக்கு முதல் நாள் தனியாகப் பஸ் ஏறி அந்த ரெஸ்ரோரண்டுக்குப் போனேன். அதே பொடியன், இப்போது மீசை வைத்திருந்தான். ஒரு போத்தல் வைன் வேண்டும், கொண்டுபோகப் போகிறேன் என்றேன்.

"எங்களிட்டை வைன் இல்லை, மடம்."

"எப்ப வரும்?"

"எங்களிட்டை எப்பவும் இருந்ததில்லை, மடம்."

என் முகத்துக்கு நேரே நின்று சொன்னான். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினேன். வருகிற வழியில் ஒரு கடையில் முந்திரிகை ரசம் வாங்கினேன். உண்மையான ரசம், சீனி போட்டது. நிறமாவது இருக்கட்டும். ஒறேஞ் சோடாவுக்கு அது மேல் என்று எனக்கு நானே சொன்னேன், எனக்கே அருவருப்பாக இருந்தது.

எட்டாம் நாள் பின்னேரம் விறாந்தையில் சனம் நிறைந்திருந்தது. படத்துக்கு முன்னால் விளக்கு, இலை, சோறு, பால்கறி, நண்டு. நண்டுக்கு மிளகாய்த் தூளை அள்ளிக் கொட்டிச் சட்டியையே கொன்றிருந்தார்கள். ஒறேஞ் சோடா மூடி திறந்து தயாராக நின்றது. என் கை பைக்குள் ரசப் போத்தலைப் பிடித்திருந்தது. வெளியே எடுக்க மனம் வரவில்லை.

அப்போது அவளுடைய கணவர் அறைக்குள்ளிருந்து வந்தார். கையில் ஒரு வைன் போத்தல், மற்றக் கையில் ஒரு திருப்புளி. நேரே போய் இலைக்குப் பக்கத்தில் இருந்த சோடாவை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, அந்த இடத்தில் போத்தலை வைத்தார்.

மச்சாள் கத்தினாள். "உனக்கு வெக்கமில்லையோடா? ஊர் சிரிச்சது காணாதோ? பெண்சாதின்ர எட்டிலயும் உனக்குக் குடி வேணுமோ?"

அவர் சுற்றி நின்ற எல்லாரையும் ஒரு தரம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஓம் அக்கா, எனக்குத்தான். வைச்சுப்போட்டுக் குடிக்கப் போறன்" என்றார்.

எனக்கு அந்த லேபிளைத் தெரியும். துவாயில் சுற்றி வந்த அந்த முதல் போத்தலின் லேபிள். அவர் குந்தியிருந்து திருப்புளியால் தக்கையைக் குத்தத் தொடங்கினார். திருப்புளி சறுக்கியது. தக்கை தூள் தூளாகப் போகப்போகிறது. பாரிஸில் வாங்கிய தக்கை திருகி எந்த நாளும் என் கைப்பையில் இருக்கும். வேலணையில் பாதி சனம் பார்த்துக்கொண்டிருக்க, அதை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"தாரும் இஞ்சை" என்றேன்.

நான் திருகத் தொடங்க, அவர் எனக்கு மட்டும் கேட்கக் கூடியதாகச் சொன்னார். "அண்டைக்கு ரெண்டு பேரும் வாடின முகத்தோட காருக்குள்ள வந்து ஏறினியள். அடுத்த முறை நானே வாங்கிக் குடுத்து, இதைக் கொண்டுபோய் வையுங்கோ எண்டு ரெஸ்ரோரண்ட்காரரைக் கெஞ்சினனான். சாராயக்கடைக்காரனுக்கு எது நல்லது எண்டு சொல்லத் தெரியேல்லை. ஒண்டு பிழைச்சாலும் எண்டு ரெண்டு வாங்கினனான். இது மற்றது. தோட்டக் கொட்டிலில உரப் பையளுக்குப் பின்னால ஒளிச்சு வைச்சிருந்தனான்."

"அவளுக்குத் தெரியுமோ?"

"தெரியாது. நீங்கள் இங்கிலீசில சண்டை பிடிச்சு வைன் எடுத்தனீங்கள் எண்டு வீட்டில சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை."

தக்கை வெளியே வந்தது. குசினி அலுமாரியில் அவள் வாங்கி வைத்திருந்த கால் நீண்ட கிளாஸ் ஒன்று இருந்தது. அதை எடுத்துவந்து ஊற்றி இலையின் வலப்பக்கம், அவள் கரும்பலகையில் கீறுகிற இடத்தில் வைத்தேன். கற்பூரம் எரிந்தது. முடிந்ததும் மச்சாள், "உந்தக் கறுமத்தை எடுத்து வேலிக்கரையில ஊத்துங்கோ" என்றாள்.

"ஊத்தாதேங்கோ. நான் குடிக்கிறன்" என்றேன்.

கிளாஸைக் கையில் எடுத்தபோதே தெரிந்தது. அத்தனை வருடமும் உரப் பைகளுக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழே, அந்த வெக்கையில் நின்றிருக்கிறது. ஓரம் மண்ணிறமாகிவிட்டது. காடி மணத்தது. நாவற்பழமும் இல்லை, குடமும் இல்லை. சனம் வாயில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றது. கடைசித் துளிவரை குடித்தேன்.

"நல்லா இருக்கோ, அக்கா?" என்று கேட்டார் அவர்.

"நல்ல வைன், தம்பி" என்றேன். வைனைப் பற்றி நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

பிறகு பந்தி வைத்தார்கள். அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் அந்தத் தூள் மண்டிய நண்டைப் போட்டார்கள். அவர் நாலு பக்கமும் எதையோ தேடினார். சோஸ் போத்தல் என் பக்கத்தில் இருந்தது. நான் அதை எடுத்து, மூடியைத் திறந்து, அவருக்குக் கிட்ட வைத்தேன்.